நடக்கலாம் விளக்கு எரிந்தது, மகனுக்கு ஏன் ரிக்கற்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஸ்காபரோவில் ஒரு கடைக்குப் பகுதிநேர வேலைக்குச் சைக்கிளில் போகிறான். போன கிழமை ஒரு பெரிய சந்தியில், நடக்கலாம் என்ற வெள்ளை உருவம் எரிந்துகொண்டிருக்கும்போது பாதசாரிக் கடவையில் சைக்கிளை ஓட்டியே கடந்திருக்கிறான். வலப்பக்கம் திரும்பிய ஒரு கார் பின்சில்லில் தட்டி விழுந்துவிட்டான். முழங்கையில் உரசல், மணிக்கட்டில் வீக்கம், சில்லு வளைந்துவிட்டது. வந்த பொலிஸ்காரர் ‘கடவையில் சைக்கிள் ஓட்டினாய்’ என்று இவனுக்கு ரிக்கற் எழுதிக் கொடுத்தார். கார்க்காரருக்கு ஒன்றும் இல்லை. விளக்கு எங்கள் பக்கம் இருந்தும் இது என்ன நியாயம்? நாங்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடேயே வளர்ந்த ஆட்கள். கடவையில் இறங்கி உருட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை. பேசாமல் தண்டத்தைக் கட்டிவிடலாமா? அவன் ஜீ2 சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க இருக்கிறான், அதற்கு ஏதும் பாதிப்பு வருமா? இனி எல்லாச் சந்தியிலும் இறங்கி உருட்டத்தான் வேண்டுமா?

(ஒரு தாய், ஸ்காபரோ)

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

ரிக்கற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அந்த மணிக்கட்டைக் கவனியுங்கள். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டில் சின்ன எலும்பு வெடித்திருந்தாலும் முதல் நாட்களில் வெறும் வீக்கம் போலத்தான் தெரியும். குடும்ப வைத்தியரிடமோ வாக்-இன் கிளினிக்கிலோ காட்டி, தேவையென்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ‘சைக்கிளில் போகும்போது கார் தட்டியது, இன்ன திகதி’ என்று வைத்தியரின் குறிப்பில் பதிவாக வேண்டும். நான் பராலீகல் (சட்டத்தரணி இல்லை, சின்ன வழக்குகளைப் பார்க்க உரிமம் பெற்றவன்), போக்குவரத்து ரிக்கற்றும் காப்புறுதித் தகராறும்தான் என் அன்றாட வேலை. இரண்டு மாதம் கழித்து நோ கூடி வருகிறவர்களிடம் அந்த முதல் கிழமைக் குறிப்பு இல்லாமல் போவதால் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, தண்டத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. நியாயமா என்று கேட்டீர்கள். சட்டப்படி அந்த ரிக்கற் சரியானதுதான். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 144ஆம் பிரிவின் 29ஆம் உட்பிரிவு, சமிக்ஞை விளக்கு உள்ள இடங்களில் பாதசாரிக் கடவைக்குள் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீதியைக் கடக்கக்கூடாது என்கிறது. மேலே மஞ்சள் விளக்கு மினுங்க, பொத்தானை அமர்த்திக் கடக்கிறோமே, அந்தத் தனிக் கடவைகளுக்கு 140ஆம் பிரிவில் இதே தடை இருக்கிறது. இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தால் உங்கள் மகன் பாதசாரி. ஏறி மிதித்தால் அவன் ஒரு வாகனத்தின் சாரதி, ஏனென்றால் இந்தச் சட்டத்தில் சைக்கிளும் ஒரு வாகனம். வெள்ளை உருவம் தருகிற முன்னுரிமை நடப்பவருக்கு உரியது. சைக்கிளில் இருப்பவருக்கு அது கிடையாது. ஒரு காலைப் பெடலில் வைத்து மற்றக் காலால் உந்திக்கொண்டு போவதும் ‘நடப்பது’ என்று எடுபடும் என்று நம்பாதீர்கள். எங்கள் பிள்ளைகள் பலர் அதைத்தான் இறங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

‘மெதுவாகத்தானே ஓட்டினான், நடக்கிற வேகத்தில்தானே’ என்று அடுத்துக் கேட்பீர்கள். சட்டத்தில் வேகத்துக்கு விலக்கு இல்லை. பாதுகாப்பில் நிறைய வித்தியாசம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். விடிய ஐந்து மணிக்கு, ஒரு கார் கூட இல்லாத சந்தியில், ஆமை வேகத்தில் ஓட்டிக் கடப்பவரால் யாருக்கும் ஆபத்து இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சட்டம் அந்த ஐந்து மணிக்காக எழுதப்பட்டதில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு, ஷெப்பேர்ட் வீதியிலோ லோரன்ஸ் வீதியிலோ வேலை முடிந்து வீட்டுக்கு ஓடுகிற கார்கள் வலப்பக்கம் திரும்புகிற நேரத்துக்காக எழுதப்பட்டது.

அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், முழு விசயமும் அதற்குள்தான் இருக்கிறது. இங்கே சிவப்பு விளக்கிலும், முழுதாக நிறுத்திவிட்டு, வழி இருந்தால் வலப்பக்கம் திரும்பலாம். அப்படித் திரும்ப நிற்கிற சாரதியின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? இடப்பக்கம். கார்கள் அங்கிருந்துதானே வருகின்றன. இடைவெளி கிடைத்ததும் காலை எடுத்து விடுவார். அவருடைய வலப்பக்க நடைபாதையிலிருந்து வருகிற சைக்கிளை அவர் பார்ப்பதே இல்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆராய்ச்சியாளர்கள் சந்திகளில் சாரதிகளின் தலை அசைவைப் பதிவு செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. வலப்பக்கம் திரும்புகிறவர்களில் பலர் இடப்பக்கக் கார்களையே பார்த்துக்கொண்டிருந்து, வலப்பக்கமிருந்து வந்த சைக்கிளைத் தவறவிட்டார்கள். அவர்கள் கவலையீனமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆபத்து எங்கிருந்து வரும் என்று பழகியிருக்கிறார்களோ, கண் அங்கேதான் போகிறது.

பச்சையில் திரும்புகிறவர் கடவையைப் பார்ப்பார், உண்மைதான். ஆனால் அவர் தேடுவது நடப்பவரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கிற ஒருவர் ஒரு செக்கனில் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடப் போவார். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் மிதிக்கிற பொடியன் ஒரு செக்கனில் 5 மீற்றர் போவான். சாரதி நடைபாதை மூலையைப் பார்க்கிறார், ஒருவரும் இல்லை. மூன்று செக்கன் கழித்துத் திரும்புகிறார். அந்த மூன்று செக்கனில் நடப்பவர் வந்திருந்தால் மூன்றரை மீற்றர் வந்திருப்பார், மூலையைப் பார்த்தபோதே கண்ணில் பட்டிருப்பார். சைக்கிள் 15 மீற்றர் தள்ளி, ஒரு பஸ் தரிப்பிடத்துக்கோ மரத்துக்கோ பின்னால் இருந்திருக்கும். ‘வானத்திலிருந்து குதித்த மாதிரி வந்தான்’ என்று நீதிமன்றத்தில் சாரதிகள் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை.

ஸ்காபரோவின் பெரிய சந்திகளில் மூலை வளைவும் அகலம். அந்த அகலத்தில் கார் அதிகம் வேகம் குறைக்காமலே திரும்பிவிடலாம். இது சைக்கிள்காரரின் பிழையும் இல்லை, சாரதியின் பிழையும் இல்லை. கார்களுக்காக மட்டுமே யோசித்து வீதி அமைத்த ஒரு காலத்தின் மிச்சம்.

ரொறன்ரோ மாநகரசபை 2003இல் வெளியிட்ட சைக்கிள்-மோட்டார் வாகன மோதல் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பதிவான மோதல்களில் கிட்டத்தட்ட 30 சதவீதத்தில், மோதுவதற்குச் சற்று முன்னர் சைக்கிள்காரர் நடைபாதையில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வீதிக்குப் பயந்து நடைபாதையில் ஏறியவர்கள்தான் இவர்களில் பலர். நடைபாதை பாதுகாப்பாகத்தான் தெரியும். அது சந்தியில் வந்து முடிகிறபோதுதான் கணக்குத் தீர்கிறது. உங்கள் மகனும் நடைபாதையில் வந்துதான் கடவையில் இறங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அதுவும் சேர்த்துத் தெரிந்திருக்கட்டும்: ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது மாநகர விதிப்படி குற்றம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி. அந்தச் சின்னப் பிள்ளைகளும் கடவை வந்தால் இறங்கத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் கஸ்தூரியார் வீதியில் கரியரில் ஒருவரை வைத்து உழக்கியவன்தான். அங்கே கார் குறைவு, வேகம் குறைவு, சந்தியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் போனோம். சிவப்பில் திரும்பலாம் என்ற வழக்கமும் இல்லை. அதோடு அங்கே வாகனங்கள் இடப்பக்கம் போகின்றன. எங்கள் தலைமுறையின் கண் வலப்பக்கத்தை முதலில் பார்க்கப் பழகிய கண். இங்கே வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவசரத்தில் அந்தப் பழக்கம் தலைகாட்டும். அந்த ஊர்ச் சைக்கிள் அனுபவத்தை வைத்து இங்கே பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லுவோம்.

சரி, எல்லாச் சந்தியிலும் இறங்கத்தான் வேண்டுமா? இல்லை. இதைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். கடவையால் போவதென்றால் இறங்க வேண்டும். வீதியால் போவதென்றால் இறங்கத் தேவையில்லை. உங்கள் மகன் வீதியின் வலது ஓரமாக, கார்களோடு ஒரு வாகனமாக வந்து, வாகன விளக்குப் பச்சையானதும் நேராகச் சந்தியைக் கடக்கலாம். அப்போது அவன் திரும்புகிற சாரதியின் கண் தேடுகிற இடத்தில் இருப்பான், அவனுக்கு உரிய முன்னுரிமையும் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. வலப்பக்க சிக்னல் போட்டு நிற்கிற காரின், முக்கியமாக லொறியின், வலப்பக்கத்தால் நுழைந்து முன்னுக்குப் போகவே கூடாது. பின்னால் நின்று அது திரும்பிய பிறகு போகட்டும்.

இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் கதை வேறு. ஆறு ஒழுங்கை வீதியில் நடு ஒழுங்கைக்கு மாறிப் போய் நின்று திரும்பு என்று 17 வயதுப் பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன், சட்டம் அனுமதித்தாலும். இரண்டு வழி இருக்கிறது. நேராகச் சந்தியைக் கடந்து அடுத்த மூலையில் ஓரமாக நின்று, சைக்கிளைத் திருப்பி, அந்தப் பக்கத்து விளக்குப் பச்சையானதும் போகலாம். அல்லது அந்த மூலையில் இறங்கி, நடக்கலாம் விளக்கு வந்ததும் உருட்டிக்கொண்டு கடக்கலாம். பனி கொட்டுகிற நாளிலும் இருட்டிய பிறகும் நான் இரண்டாவதைத்தான் சொல்லுவேன். அரை நிமிடம் கூடப் பிடிக்கும்.

ஓட்டிக்கொண்டே கடக்கக்கூடிய கடவைகளும் இருக்கின்றன. பாதசாரிக் கோடுகளுக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளைச் சதுரங்கள் விட்டுவிட்டு வரிசையாகப் போட்டு, நடுவில் சைக்கிள் படம் வரைந்திருந்தால் அது சைக்கிளுக்கான கடவை. அதில் இறங்கத் தேவையில்லை. சைக்கிள் பாதைகள் பெரிய வீதியை வெட்டுகிற இடங்களில் இவை மெல்ல மெல்ல வருகின்றன. மெடோவே பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழாக, டொன் ஆற்றிலிருந்து ரூஜ் பூங்கா வரை 16 கிலோமீற்றர். ஸ்காபரோவின் வடக்குத் தெற்கு வீதிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே ஒவ்வொரு வீதியிலும் இறங்கி ஏறு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வேகம் குறைந்த, சாரதிகள் எதிர்பார்க்கிற இடத்தில், சதுரங்கள் போட்டுச் சைக்கிளையும் ஓட விடுவதுதான் சரியான தீர்வு. அதை உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, நம்மவர்கள் கேட்பது குறைவு. சதுரம் போடாத இடத்தில் மட்டும், போட்டமாதிரி நினைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

(மின்சைக்கிளுக்கும் கடவை விதி இதேதான். அதற்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், எந்த வயதானாலும் தலைக்கவசம் கட்டாயம். சாதாரணச் சைக்கிளுக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டாயம், ஆகவே உங்கள் மகனுக்கும்.)

இனி, பிழை யாருடையது என்ற கதை. கார்க்காரருக்கு ஒன்றும் எழுதவில்லை என்பதால் அவர் மீது பிழையே இல்லை என்று ஆகிவிடாது. இதை நன்றாக மனதில் வையுங்கள். ரிக்கற் ஒரு விசயம், விபத்துக்கான பொறுப்பு வேறு விசயம். அதே நெடுஞ்சாலைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு, வீதியில் மோட்டார் வாகனத்தால் ஒருவருக்குச் சேதம் வந்தால், அது தன் கவலையீனத்தால் வரவில்லை என்று நிரூபிக்கும் பாரத்தைச் சாரதியின் தலையில் வைக்கிறது. இரண்டு கார்கள் மோதினால் இது பொருந்தாது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் இது பெரிய பாதுகாப்பு. நம்மவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் மகன் சட்டத்தை மீறியதும் கணக்கில் வரும். ஆனால் ஒரு சட்டத்தை மீறியது கவலையீனத்துக்கு ஒரு சான்று, அதுவே முடிந்த முடிவாகாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், பொறுப்பை இத்தனை வீதம் இவருக்கு, இத்தனை வீதம் அவருக்கு என்று பிரிப்பார்கள்.

அந்தப் பிரிவினை எப்படிப் போகும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான ஒரு தகவல் இல்லை. கார்க்காரரின் விளக்கு என்ன நிறம்? மகன் போன திசையிலேயே வந்து கார் திரும்பியிருந்தால் அவருக்குப் பச்சை. அவன் கடந்த வீதியிலேயே கார் வந்திருந்தால் அவருக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் அவர் முதலில் முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினாரா, உருண்டுகொண்டே வந்தாரா? பின்சில்லில் தட்டியது என்பதும் சும்மா விட்டுவிடுகிற விபரம் இல்லை. சைக்கிளின் முக்கால்வாசி காரின் முன்னால் கடந்த பிறகுதான் மோதல் நடந்திருக்கிறது. பார்த்திருக்கலாமே என்று நாங்கள் கேட்கலாம். அவ்வளவு வேகமாக வந்தான் என்று அவர்கள் சொல்லலாம். மகனை உட்கார வைத்து, ஞாபகம் மங்குவதற்கு முன், ஒரு தாளில் சந்தியை வரைந்து, தான் எந்தத் திசையில் போனான், கார் எங்கிருந்து வந்தது, விளக்கு என்ன, யார் பார்த்தார்கள் என்று அவன் கைப்படவே எழுதித் திகதி போடச் சொல்லுங்கள். சந்தியில் பெற்றோல் நிலையமோ கடையோ இருந்தால் இன்றைக்கே போய்க் கமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். வளைந்த சில்லைத் திருத்தக் கொடுக்க முன் படம் எடுத்து வையுங்கள்.

காப்புறுதி விசயத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ‘சைக்கிளுக்கு ஏது இன்சூரன்ஸ்’ என்று இருந்துவிடுவார்கள். ஒன்ராறியோவில் கார் தட்டிக் காயப்பட்ட சைக்கிள்காரருக்கும் விபத்துக் கொடுப்பனவு உண்டு. பிழை யாருடையது என்றாலும் உண்டு, அவனுக்கு ரிக்கற் எழுதியிருந்தாலும் உண்டு. உங்களிடமோ உங்கள் கணவரிடமோ கார் காப்புறுதி இருந்து, மகன் உங்களில் தங்கியிருக்கிற பிள்ளை என்றால், முதலில் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமே கேட்க வேண்டும். வீட்டில் யாருக்கும் கார் இல்லையென்றால் தட்டிய காரின் காப்புறுதி பார்க்கும். அறிவிக்க வேண்டிய காலம் 7 நாள். போன கிழமை நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதை வாசித்து முடித்ததும் தொலைபேசியை எடுங்கள். 7 நாள் தாண்டியிருந்தாலும் நியாயமான காரணம் இருந்தால் கதவு மூடப்படாது, அதற்காக நாட்களைக் கடத்தாதீர்கள். அவர்கள் அனுப்புகிற விண்ணப்பப் படிவத்தை 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். சின்னக் காயங்களுக்குச் சிகிச்சை உச்சவரம்பு 3,500 டொலர். மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தால் அது ‘சின்னக் காயம்’ என்ற வகைக்குள் வராது, எக்ஸ்ரே என்று நான் தொடக்கத்திலேயே அவசரப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘எங்கள் காப்புறுதியில் கேட்டால் கட்டணம் ஏறிவிடுமே’ என்ற பயம் நம்மவர்களுக்கு நிறைய. உங்கள் வீட்டுச் சாரதி ஒருவர் பிழை விட்டு நடந்த விபத்தில்லை இது. அந்தப் பயத்தில் பேசாமல் இருந்து பிள்ளையின் கையைக் கெடுக்காதீர்கள். ஆனால் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2026 ஜூலை 1 முதல், மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு தவிர்ந்த வருமான இழப்பீடு போன்ற கொடுப்பனவுகள் கட்டாயம் என்ற நிலையிலிருந்து விருப்பத் தெரிவாகின்றன. மாதம் சில டொலர் மிச்சம் என்று முகவர் சொல்ல, சைக்கிளில் வேலைக்குப் போகிற பிள்ளை உள்ள வீட்டில் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள்.

காயம் பெரிதாக இருந்து கார்க்காரர் மீது வழக்குப் போடுவதென்றால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போகிற விசயம், சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும், பராலீகல் செய்ய முடியாது. மகனுக்கு 18 ஆகும் வரை இரண்டு வருடக் காலவரையறை பொதுவாக ஓடத் தொடங்காது என்றாலும், முன்னறிவித்தலுக்கு வேறு குறுகிய தவணைகள் இருப்பதால் பார்ப்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். உரசலும் வளைந்த சில்லும் மட்டும்தான் என்றால் வழக்கை மறந்துவிடலாம். சில்லுச் செலவை அவருடைய காப்புறுதியிடம் ஒரு கடிதத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ரிக்கற். தண்டம் நூறு டொலர் அளவில்தான் இருக்கும், கட்டிவிட்டால் தலையிடி முடிந்தது என்றுதான் தோன்றும். கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. காயத்துக்கோ சில்லுக்கோ நாளைக்கு நீங்கள் எதையாவது கேட்கப் போனால், ‘உன் மகனே ஒப்புக்கொண்டுவிட்டானே’ என்று எதிர்த்தரப்பு அதையே தூக்கிப் பிடிக்கும். அதனால்தான் பொறுங்கள் என்றேன். ரிக்கற்றின் பின்பக்கத்தில் மூன்று தெரிவு இருக்கும்: கட்டுவது, வழக்குத் தொடுநரைச் சந்தித்துப் பேசித் தீர்ப்பது, விசாரணை கேட்பது. ரிக்கற் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒன்றைத் தெரிய வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அவன் இல்லாமலே குற்றவாளி என்று தீர்த்து, செலவையும் சேர்த்துவிடுவார்கள்.

என் ஆலோசனை, இரண்டாவதைத் தெரியுங்கள். சந்திப்பதற்கு முன் பொலிஸ்காரரின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதில் கார் எங்கிருந்து வந்தது, சாரதி என்ன சொன்னார், சாட்சி யார் என்பவை இருக்கும். ரிக்கற்றுக்கு மட்டும் இல்லை, காப்புறுதிக்கும் அது உதவும். 17 வயது, இதுவே முதல் தரம், விழுந்து காயப்பட்டவன் அவன்தான் என்பதையெல்லாம் வழக்குத் தொடுநர் கணக்கில் எடுக்கலாம். தண்டத்தைக் குறைக்கலாம், வேறு சின்னக் குற்றமாக மாற்றலாம், அல்லது ஒன்றுமே செய்யாமலும் விடலாம். 16 வயது தாண்டியவர்களை இந்தச் சட்டம் பெரியவர்களாகவே நடத்துவதால் மகனே போய்ப் பேச வேண்டியிருக்கும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவனைப் பேச விடுங்கள். என்னைப் போன்ற ஒருவரைப் பிடிக்க வேண்டுமா என்றால், ரிக்கற் மட்டும்தான் பிரச்சினை என்றால் வேண்டாம். எங்கள் கட்டணம் தண்டத்தை விடக் கூட வந்துவிடும். காயம் பெரிது, காப்புறுதி இழுத்தடிக்கிறது என்றால் அப்புறம் பேசலாம்.

ஜீ2 பற்றிக் கவலைப்பட வேண்டாம். சைக்கிள் குற்றங்களுக்குக் குறைப்புப் புள்ளிகள் இல்லை, சாலைப் பரீட்சைக்கும் தடையில்லை. ஆனால் ரிக்கற்றை ஒருதரம் எடுத்துப் பாருங்கள், அதில் மகனின் சாரதி அனுமதிப்பத்திர இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று. சைக்கிள்காரரைப் பொலிஸ் மறித்தால் சரியான பெயரும் முகவரியும் சொன்னால் சட்டப்படி போதும், அனுமதிப்பத்திரம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைகள் பதற்றத்தில் கையில் இருக்கிற ஜீ1 (பழகுநர் அனுமதி) அட்டையை நீட்டிவிடுவார்கள். இலக்கம் எழுதப்பட்டிருந்தால், சந்திப்பின்போது ‘இது சைக்கிள் குற்றம், சாரதிப் பதிவில் ஏறக்கூடாது’ என்று வழக்குத் தொடுநரிடம் சொல்லி, எல்லாம் முடிந்து சில கிழமை கழித்து அவனுடைய சாரதிப் பதிவின் பிரதி ஒன்றை எடுத்துச் சரிபாருங்கள்.